அம்மாவின் வாக்கு

கலிஃபோர்னியாவில் தேர்தல் தபாலில் வருகிறது. 2021-இல் நிறைவேறிய சட்டப்படி, பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், வாக்குச்சீட்டு வீட்டுக்கே வந்துவிடும். தேர்தலுக்கு நான்கு வாரம் முன்பே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். நிதானமாகப் படித்து நிரப்பலாம். கூட வந்த உறையில் போட்டு, உறையின் மேல் கையெழுத்திட்டு, தபாலிலோ ஊருக்குள் ஆங்காங்கே வைத்திருக்கும் வாக்குப்பெட்டியிலோ சேர்த்தால் போதும். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த முறையை மனதார ஆதரிப்பவள் நான். ஆனாலும் இதில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. என் அம்மாவுக்கு இந்த நாட்டில் வாக்குரிமை வந்த பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. வாக்குச்சாவடியில் மூன்று பக்கமும் அட்டை மறைப்பு நிற்கும். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருப்பாள்.

அம்மா 1948-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவள். அப்பா காலமான பிறகு 2005-இல் ஃப்ரீமான்ட்டுக்கு, எங்களோடு இருக்க வந்தாள். 55 வயதைத் தாண்டி, கிரீன் கார்டோடு 15 ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களுக்குக் குடியுரிமைத் தேர்வில் ஆங்கிலம் எழுதிப் படித்துக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தன் மொழியிலேயே பதில் சொல்லலாம். அம்மா தமிழில் பதில் சொல்லி 2023-இல் அமெரிக்கக் குடிமகள் ஆனாள். 2024 நவம்பர்தான் அவளுக்கு இங்கே முதல் வாக்கு.

அந்தச் சீட்டு சாதாரணமானதல்ல. குடியரசுத் தலைவரில் தொடங்கி பள்ளி வாரிய உறுப்பினர் வரை பெயர்கள். அதன் பிறகு மாநில அளவில் மட்டும் பத்து முன்மொழிவுகள். சட்டமன்றம் முடிவு செய்யாமல், அல்லது முடிவு செய்ய முடியாமல், மக்களையே நேரடியாகக் கேட்கும் கேள்விகள் இவை. ‘ப்ராப்’ என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வோம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா, வீட்டு வாடகைக்கு நகராட்சிகள் உச்சவரம்பு வைக்கலாமா, ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு எதிராக அரசியலமைப்பில் அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த வரியை நீக்கலாமா என்று ஒவ்வொன்றும் ஒரு குடும்பமே உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். எங்கள் அலமேடா கவுண்டியில் இன்னொன்றும் இருந்தது: இரண்டே ஆண்டுக்கு முன் தேர்ந்தெடுத்த மாவட்ட அரசு வழக்கறிஞர் பமீலா பிரைஸைத் திரும்பப் பெறலாமா என்ற கேள்வி. மாநில அரசு அனுப்பும் வாக்காளர் கையேடு இந்தியில் கிடைக்கிறது. தமிழில் இல்லை.

“ஏட்டி, இதை நான் எழுத்துக்கூட்டி வாசிக்கதுக்குள்ள அடுத்த தேர்தலே வந்துரும். எங்கெங்க போடணும்னு நீ சொல்லு, போட்டுருதேன்” என்றாள் அம்மா.

சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் 1982-இல் சேர்த்த 208-ஆம் பிரிவு, பார்வைக் குறைவாலோ உடல் ஊனத்தாலோ எழுதப் படிக்க இயலாமையாலோ உதவி வேண்டுபவர் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறது. விலக்கி வைப்பது இரண்டு வகையினரைத்தான்: அவருடைய முதலாளியின் தரப்பு, அவருடைய தொழிற்சங்கத்தின் தரப்பு. அதிகாரம் உள்ள இடத்தில் உதவி உத்தரவாக மாறிவிடும் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. மகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 76 வயதில், கார் ஓட்டத் தெரியாத, டாக்டரிடம் போவதிலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் மகள் முகத்தைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மகளைவிடப் பெரிய அதிகாரம் யார்?

ஃப்ரீமான்ட்டில் இது எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அரசியல் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாச் சீட்டுகளையும் வரிசையாக வைத்து அவரே நிரப்புவார். மனைவி, தாயார், பதினெட்டு வயதான பிள்ளை எல்லோரும் உறையில் கையெழுத்துப் போடுவார்கள். யாருக்கும் மனக்கசப்பில்லை, வேலை முடிந்தது என்ற நிம்மதிதான். என் முன்னாலும் அந்த வழி திறந்தே இருந்தது.

“நீதான் முடிவு பண்ணணும் அம்மா. நான் வாசிச்சு மட்டும் சொல்றேன்” என்றேன். ஊரில் அவள் எப்படி வாக்களித்தாள் என்று அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவளைக் கேட்டேன்.

“உங்க தாத்தா காமராசர் ஆளு. 71-ல நம்ம வீட்டு ஓட்டெல்லாம் ஒரே பக்கந்தான்னு சொல்லித்தான் அனுப்புனாவ. கல்யாணத்துக்கு அப்புறம் உங்கப்பா உதயசூரியன்னு சொன்னாவ. சரி சரின்னு தலையாட்டிட்டுப் போவேன். உள்ள போயி எம்ஜிஆருக்குக் குத்திட்டு வருவேன்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? அட்டைக்குப் பின்னால யாரு பார்த்தா?”

நான் பேச்சிழந்து உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எதிலும் அப்பாவை மீறிப் பேசாதவள் அம்மா. அவளுக்கென்று ஒரு அரசியல் இருந்ததையே நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. அதை அத்தனை ஆண்டுகள் காப்பாற்றிக் கொடுத்தது மேசை மேல் நிற்கும் ஓர் அட்டை. அமெரிக்காவும் அந்த அட்டையின் அருமையைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கே வாக்குச்சீட்டை அச்சிட்டது அரசு அல்ல, கட்சிகள். ஒவ்வொரு கட்சியின் தாளும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். பெட்டியை நோக்கிப் போகிறவர் கையைக் கவனித்தால் அவர் யாருக்குப் போடுகிறார் என்று ஆலை முதலாளிக்கும் தெரியும், வாக்குக்குக் காசு கொடுத்தவருக்கும் தெரியும். அரசே ஒரே மாதிரியான சீட்டை அச்சிட்டு, மறைவில் நிரப்பவைக்கும் முறை 1856-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் தொடங்கியது. 1888-இல் மாசசூசெட்ஸ் அதை மாநிலம் முழுமைக்கும் ஏற்றது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று அதே சீட்டு வீட்டுக்கு வருகிறது. மறைப்பு மட்டும் கூட வருவதில்லை. ஊரில் அம்மாவுக்கு அட்டை இருந்தது, இங்கே அந்த இடத்தில் நான் இருக்கிறேன்.

தலைவர் தேர்தலுக்கு என் உதவி தேவைப்படவில்லை. அந்தப் பெயர்களை அவளே படித்தாள். கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தைச் சொல்லி, “நம்ம பொண்ணுக்குத்தானே போட்டீங்க?” என்று தமிழ்நாட்டிலிருந்து உறவுக்காரர்கள் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சீட்டைத் தன் பக்கம் திருப்பிக் கையால் மறைத்துக்கொண்டு நிரப்பினாள்; நான் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தேன்.

சிக்கல் ப்ராப் 6-இல் வந்தது. கலிஃபோர்னிய அரசியலமைப்பு அடிமைமுறையைத் தடை செய்கிறது. விருப்பமில்லாத ஒருவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் மட்டும் அந்தக் கட்டாயத்தை அனுமதிக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த 13-ஆவது திருத்தத்திலும் இதே விலக்கு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தென் மாநிலங்கள் செய்தது கொடுமை. வேலையில்லாமல் திரிந்தார் என்பது போன்ற அற்பக் குற்றங்களுக்குக் கறுப்பின மக்களைப் பிடித்து, சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். இந்த விலக்கை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்கலாமா என்பதுதான் கேள்வி. எனக்கு அதில் துளி சந்தேகம்கூட இல்லை. ‘ஆம்’ என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

கையேட்டில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் சட்டமன்ற ஆய்வாளரின் நடுநிலை விளக்கம் இருக்கும். பிறகு ஆதரிப்பவர்களின் வாதமும் எதிர்ப்பவர்களின் வாதமும். நான் ஆதரவு வாதத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். வேலைக்கு மறுக்கும் கைதிக்குத் தொலைபேசி அழைப்புகளைக் குறைக்கலாம், விடுதலைகூடத் தள்ளிப்போகலாம். படிப்புக்கோ போதை மறுவாழ்வு வகுப்புக்கோ போக நினைப்பவரை வேலைக்கு இழுத்துப் போகலாம். கூலி பெரும்பாலும் மணிக்கு ஒரு டாலருக்கும் கீழ். எல்லாம் உண்மை. சொல்லும்போது என் குரலும் ஏறியிருக்கும்.

அம்மா கேட்டாள்: “எதுத்துப் பேசுதவன் என்ன சொல்லுதான்?”

பக்கத்தைப் புரட்டினேன். ப்ராப் 6-க்கு எதிராக யாரும் வாதம் எழுதி அனுப்பவில்லை. கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

“எதிர்ப்பு எதுவும் இல்லையே அம்மா” என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்யாகியிருக்காது. அச்சில் இருந்ததை அப்படியே சொன்னேன் என்று யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அம்மாவும் ‘ஆம்’ போட்டிருப்பாள். நல்லதென்று நான் உளமார நம்பும் ஒன்றுக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வாக்கு போயிருக்கும். அந்தச் சில நொடிகளில் நாக்கு நுனியில் அந்த வாக்கியம் வந்து நின்றதை இன்றும் என்னால் உணர முடிகிறது. என்னைத் தடுத்தது என்னவென்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சட்ட பயம் அல்ல, பார்க்க யாருமில்லை. அம்மா கேட்டது அச்சில் என்ன இருக்கிறது என்றல்ல. எதிர்ப்பவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது கேட்டிருக்கிறேன்.

அதனால் நானே எதிர்ப்பவளானேன். குற்றம் செய்து உள்ளே போனவர் உழைப்பதும் தண்டனையில் ஒரு பங்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்றேன். சிறைச் சமையலும் சலவையும் துப்புரவும் கைதிகள் செய்வதால்தான் நடக்கிறது. அவர்கள் மறுத்தால் வெளியாட்களை வைக்க வரிப்பணம் போகும். கைதியின் கூலியில் பாதி வரை அவரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஈட்டுத்தொகைக்குப் பிடித்தம் ஆகலாம். வேலை இல்லையென்றால் அதுவும் இல்லை. உழைத்துப் பழகியவர்தான் வெளியே வந்ததும் பிழைத்துக்கொள்வார். ஒவ்வொன்றையும் அதை நம்புகிறவர் எவ்வளவு அழுத்தமாகச் சொல்வாரோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முயன்றேன். பாதியில் எனக்கே ஒரு நடுக்கம் வந்தது. நான் கேலியாக நினைத்துவந்த வாதங்கள் வாய்விட்டுச் சொல்லும்போது அவ்வளவு கேலியாக இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பாளையங்கோட்டை மத்திய சிறைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள் அவள். கைதிகளைக் காவலோடு தோட்ட வேலைக்குக் கூட்டிப்போவதையும், கைதிகளைப் பார்க்க விடும் மனு நாளில் கைக்குழந்தையோடு வாசலில் காத்துக்கிடந்த மனைவிமாரையும் பார்த்தவள்.

“வேலைக்குப் போறவன் முகம் வேற மாதிரி இருக்கும் ட்டி. சும்மா உள்ள கெடக்கவன்தான் கிறுக்குப் பிடிச்சு அலையுவான்னு அந்தப் பொம்பளையளே சொல்லுவாவ. வேலை வாங்கட்டும். ஆனா கூலி குடுக்கணும். கூலி கூட்டிக் குடுக்கச் சொல்லி எதுவும் கேட்டிருக்கானா இதுல?”

“இல்லை. கட்டாயப்படுத்தலாமா கூடாதா என்பது மட்டும்தான்.”

“அப்போ வேண்டாம்” என்று ‘இல்லை’யை நிரப்பினாள்.

அடுத்தது ப்ராப் 36. 2014-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ப்ராப் 47, 950 டாலருக்கு உட்பட்ட திருட்டைச் சிறு குற்றமாக்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாம் முறை திருடினால், தொகை எவ்வளவானாலும், பெருங்குற்றமாக வழக்குப் போடலாம் என்று 36 சொன்னது. நான் இதற்கு ‘ஆம்’. எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் சலவைத்தூள்கூடக் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டிக் கிடந்தது. அங்கே கல்லாவில் நிற்கும் பெண் இரவு வேலைக்குப் பயப்படுவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். அம்மா ‘இல்லை’. “சோப்பு திருடுனவனை வருசக்கணக்கா உள்ள வச்சா அவன் வீட்டுல இருக்கவ என்ன பண்ணுவா?” என்பதுதான் அவள் கேள்வி. மனு நாள் வரிசையை அவள் மறக்கவேயில்லை.

ஆக, 6-க்கு நான் ஆம், அவள் இல்லை. 36-க்கும் அப்படியே. எங்கள் வீட்டின் இரண்டு வாக்குகள் இரண்டு இடத்திலும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. இரண்டு உறைகளையும் வாக்குப்பெட்டியில் போட வேண்டியவள் நான்தான். மனச்சாட்சி என்று எதைச் சொல்கிறோமோ அது அன்று எனக்குச் சுகமாக இல்லை. சிறையில் இருக்கும் யாரோ ஒருவர் என்னைப் பார்த்து, உன் அம்மாவின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன் என்று என் நியாயத்தை விட்டுக்கொடுத்தாயே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். அந்தக் கேள்வி சின்னக் கேள்வி அல்ல. ஆனால் அவருடைய நியாயத்தை நான் வாதாடிப் பெற வேண்டும், அம்மாவின் கையைப் பிடித்துக் குத்தவைத்துப் பெறக்கூடாது. தாத்தாவும் அப்பாவும் தங்கள் கட்சிதான் நாட்டுக்கு நல்லது என்று நம்பித்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

முடிவுகள் வந்தன. ப்ராப் 6 தோற்றது. ‘இல்லை’ 53 சதவீதத்துக்கு மேல். அதே நாளில் அண்டை மாநிலமான நெவாடா அதே போன்ற விலக்கைத் தன் அரசியலமைப்பிலிருந்து நீக்கியது. ப்ராப் 36 ஏறத்தாழ 68 சதவீதத்தோடு நிறைவேறியது. மாவட்ட அரசு வழக்கறிஞரைத் திரும்பப் பெற்றார்கள். அம்மா பக்கம் ஒன்று வென்றது, என் பக்கம் ஒன்று.

இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் தீயணைப்புப் பணியில் நின்றார்கள். அந்தப் பணி அவர்களாக முன்வந்து எடுப்பது. அப்போது நாள் கூலி ஏறத்தாழ 6 டாலரிலிருந்து 10 டாலர் வரை. தீ எரியும் நேரத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதல். டிவியில் அதைக் கேட்டுவிட்டு அம்மா இரவு முழுக்கப் புலம்பினாள். “நான் அன்னிக்கே கேட்டேனே, கூலி கூட்டிக் குடுக்கணும்னு எவனும் கேக்கலியான்னு.” அக்டோபரில் ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: தீயோடு போராடும் நேரத்துக்குக் கைதிகளுக்கு மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர். செய்தியை வாசித்துச் சொன்னேன். “இது போதாது, ஆனா இதுதான் நான் சொன்னது” என்றாள். அவளுடைய ‘இல்லை’யை நான் கடுமை என்று நினைத்திருந்தேன். அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. ப்ராப் 6 பற்றிய என் எண்ணம் மாறவில்லை. அது மறுபடி வந்தால் மறுபடி ‘ஆம்’தான் போடுவேன். அம்மாவோடு அதைப் பற்றி இப்போதும் சண்டை போடுகிறேன், தேர்தல் இல்லாத மாதங்களில்.

2025 நவம்பரில் ஒரே ஒரு கேள்வியோடு இன்னொரு சீட்டு வந்தது: ப்ராப் 50. டெக்சஸ் சட்டமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் வரை கூடுதலாகக் கிடைக்கும்படி காங்கிரஸ் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தது. பதிலுக்கு கலிஃபோர்னியா, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தை 2030 வரை பயன்படுத்தலாமா என்று மக்களைக் கேட்டது. எல்லை வரையும் வேலையை அரசியல்வாதிகள் கையிலிருந்து பிடுங்கிக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்தவர்கள் இதே கலிஃபோர்னிய வாக்காளர்கள்தான். 2008-இல் மாநிலத் தொகுதிகளுக்கு, 2010-இல் காங்கிரஸ் தொகுதிகளுக்கு. அதற்காக அன்று பாடுபட்ட முன்னாள் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் ப்ராப் 50-ஐ எதிர்த்தார்.

இந்த முறை அம்மாவின் நடைமுறை முடிவாகிவிட்டிருந்தது. முதலில் ஆதரவு, பிறகு எதிர்ப்பு, இரண்டுக்கும் சம நேரம். அவன் தப்பு செய்தால் நாமும் செய்யலாமா என்று கேட்டாள். கூடாது என்பவர்கள் சொல்வதைச் சொன்னேன்: ஒருமுறை உடைத்த வேலியை மறுபடி கட்டுவது எளிதல்ல. சும்மா இருந்தால் அவர்கள் செய்த தப்பே நாடாளுமன்றத்தை முடிவு செய்துவிடும், டெக்சஸ் மக்களைக் கேட்கவில்லை, இங்கே கேட்கிறார்கள் என்று மறுதரப்பு சொல்வதையும் சொன்னேன். “நீ எதுக்கு?” என்றாள். “நீ உறையை ஒட்டிக் கையெழுத்துப் போடு, அப்புறம் சொல்றேன்.” சீட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். உறையோடு வந்தபோது நான் ‘ஆம்’ என்று சொன்னேன். தன்னுடையதை அவள் சொல்லவில்லை. அது 64 சதவீதத்தோடு நிறைவேறியது. அதில் அம்மா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

அம்மா காலையில் எலிசபெத் ஏரியைச் சுற்றி நடக்கப் போவாள். அங்கே நம் ஊர்ப் பாட்டிமார் கூட்டம் ஒன்று உண்டு. அந்தச் சீட்டு கையிலிருந்த வாரங்களில், அவர்களில் ஒருவர் தன் மகனே போட்டுவிடுவான் என்று சொல்ல, அம்மா பெஞ்சில் உட்காரவைத்து ப்ராப் 50-இன் இரண்டு பக்கத்தையும் தனக்குத் தெரிந்தவரை சொல்லியிருக்கிறாள். அவருக்கு அது போதவில்லை. “உங்க பொண்ணை ஒரு எட்டு வரச்சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். போனேன். அவருடைய மகன் வீட்டிலிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அந்த மகனும் என்னைப் போலவே ‘ஆம்’காரர். அதனால் ‘ஆம்’ பக்கத்தை அவரையே சொல்லச் சொன்னேன். ‘இல்லை’ பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.